சிறு மோட்டார் வண்டிகளின் அதிர்வு தாங்கிக்கு எண்ணெய் தேர்ந்தெடுத்தல்

தொலைவில் நின்று வானொலி அலைகளின் உதவியால் இயக்கப்படும் சிறு மோட்டார் வண்டிகள், வெறும் விளையாட்டுப் பொருள்கள் என்ற நிலையைக் கடந்து, இயந்திரவியலைக் கையால் தொட்டு அறிவதற்குரிய கருவிகளாக வளர்ந்துள்ளன. உண்மையான மோட்டார் வண்டியில் பத்தில் ஒரு பங்கு நீளமே உடைய இவ்வண்டிகளில் பல்சக்கரங்கள், சுருள்வில்கள், எண்ணெய் நிரப்பிய அதிர்வு தாங்கிகள் ஆகிய யாவும் முறைப்படி அமைந்துள்ளன. இவற்றைப் பிரிக்கவும் மீண்டும் பூட்டவும் இயலும். ஆதலால் மாணவர்களும் பொழுதுபோக்காளர்களும் இவற்றை விரும்பிக் கையாளுகின்றனர்.

இவ்வண்டிகளை ஓட்டுவோருக்குப் பெரும்பாலும் நேரும் இடர் ஒன்று உண்டு. கரடுமுரடான தரையில் வண்டி பந்துபோல் துள்ளும், திருப்பத்தில் கவிழும், மேட்டிலிருந்து குதித்தவுடன் அடித்தட்டு தரையில் மோதும். உடனே வலிய சுருள்வில்லை வாங்கிப் பொருத்துவர். அதனால் துள்ளல் மிகுமேயன்றிக் குறையாது. சில நாள்களில் சக்கரத்தைத் தாங்கும் கைகள் முறியும். இவ்வுறுப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவன. எளிதில் கிடைப்பனவும் அல்ல, மலிவானவையும் அல்ல. இவ்வளவு செலவுக்கும் ஏமாற்றத்துக்கும் காரணம் பல வேளைகளில் சுருள்வில் அன்று. அதனுள் அமைந்த உருளையில் இருக்கும் சில மில்லிலிட்டர் எண்ணெயே ஆகும். அவ்வெண்ணெயை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சுருள்வில்லின் பணியும் எண்ணெயின் பணியும்

பட்டறைகளில் ‘ஷாக் அப்சார்பர்’ என வழங்கும் அதிர்வு தாங்கி, இரண்டு வேறுபட்ட பணிகளைச் செய்யும் இரண்டு உறுப்புகளின் சேர்க்கையாகும். வெளியே சுற்றியுள்ள சுருள்வில் வண்டியின் எடையைத் தாங்குகிறது. மேடு பள்ளங்களில் சுருங்கி அதிர்ச்சியை ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் தான் ஏற்ற ஆற்றலைச் சுருள்வில் செலவழிப்பதில்லை. கடன் வாங்கியவன் முழுத் தொகையையும் திருப்பித் தருவதுபோல, சுருங்கிய வில் விரிந்து ஏறத்தாழ அவ்வாற்றல் முழுவதையும் வண்டிக்கே திருப்பித் தருகிறது. அதனால்தான் வண்டி துள்ளுகிறது.

உள்ளே அமைந்த உருளையின் பணி வேறு. எண்ணெய் நிரம்பிய அவ்வுருளையினுள் சிறு துளைகளை உடைய பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் செல்கிறது. பிஸ்டன் அசைய வேண்டுமாயின், அதன் ஒரு புறத்திலுள்ள எண்ணெய் துளைகளின் வழியே மறுபுறம் செல்ல வேண்டும். குறுகிய துளையில் பாய்வதற்கு எண்ணெய் காட்டும் தடையே இயக்கத்தைத் தணிக்கிறது. சுருள்வில் திருப்பித் தந்த ஆற்றல் இங்கே வெப்பமாக மாறி, உருளையின் சுவர் வழியே காற்றில் கலந்துவிடுகிறது. தாங்குவது வில், தணிப்பது எண்ணெய். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பல தவறுகளுக்கு வித்தாகும்.

ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த டாமியா நிறுவனம் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டு வண்டிகள் இதற்குச் சான்றாகும். வெட்டுக்கிளி எனப் பொருள்படும் ‘கிராஸ்ஹாப்பர்’ வண்டியில் சுருள்வில்கள் மட்டுமே இருந்தன. எண்ணெய்த் தணிப்பு இல்லை. குளவி எனப் பொருள்படும் ‘ஹார்னெட்’ வண்டியோ பெரும்பாலும் அதே அமைப்பை உடையதாயினும், பின்புறத்தில் எண்ணெய் நிரப்பிய அதிர்வு தாங்கிகளைப் பெற்றிருந்தது. முன்னது தன் பெயருக்கு ஏற்பத் துள்ளிச் சென்றது என்பதை அதனை ஓட்டியவர் அனைவரும் அறிவர்.

சிறு வண்டிக்கு நேரும் பெருஞ்சோதனை

வண்டி சிறியதாதலின் அதிர்ச்சியும் சிறியதாகும் என எண்ணுதல் கூடாது. வண்டியைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கலாம்; புவியின் ஈர்ப்பை அவ்வாறு சுருக்க இயலாது. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சிறு வண்டி, தன் அளவுக்கு ஒப்பிட, உண்மையான மோட்டார் வண்டி 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு நிகரான குதிப்பைச் செய்கிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர் ஆகும். எந்த ஓட்டுநரும் தம் வண்டியை மூன்றாம் மாடியிலிருந்து தள்ளத் துணியார். சிறு வண்டியோ இதனை ஒரு பந்தயத்தில் பல முறை செய்கிறது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. ஒரு வண்டி தன் எடையால் சுருள்வில்லை எவ்வளவு தாழ்த்துகிறது என்பதைக் கொண்டு, அது நொடிக்கு எத்தனை முறை ஊசலாடும் எனக் கணக்கிடலாம். வில் 20 செ.மீ. தாழும் பெரிய வண்டி நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை ஊசலாடும். 1 செ.மீ. மட்டுமே தாழும் சிறு வண்டி நொடிக்கு ஏறத்தாழ 5 முறை ஊசலாடும். கண் இமைக்கும் நேரத்தில் நிகழும் இவ்வூசலை அடக்க எண்ணெய்க்குக் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. எனவே சிறு வண்டியில் எண்ணெயின் தேர்வு பெரிய வண்டியைவிட நுணுக்கமானது என்றே கூற வேண்டும்.

பாகுநிலையும் அதன் அளவும்

நீரைச் சாய்த்தால் விரைந்து ஓடுகிறது. தேனைச் சாய்த்தால் மெல்ல இறங்குகிறது. பாய்மத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்போது தோன்றும் இத்தடைக்குப் பாகுநிலை என்று பெயர். அதிர்வு தாங்கி எண்ணெயின் பாகுநிலை ‘சென்டிஸ்டோக்ஸ்’ என்ற அலகால் குறிக்கப்படுகிறது. பாய்மங்களின் இயக்கத்தை ஆராய்ந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற அறிஞரின் பெயரால் இவ்வலகு அமைந்தது. 20 டிகிரி சென்டிகிரேடில் நீரின் பாகுநிலை ஏறத்தாழ 1 சென்டிஸ்டோக்ஸ் ஆகும். அதே வெப்பநிலையில் நம் வீடுகளில் அறிமுகமான ஆமணக்கெண்ணெயின் பாகுநிலை ஏறத்தாழ 1,000 ஆகும். சிறு வண்டிகளின் அதிர்வு தாங்கிகளுக்குரிய எண்ணெய்கள் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு, 200 முதல் 1,000 வரை அமைந்துள்ளன.

சந்தையில் கிடைக்கும் புட்டிகள் அனைத்திலும் இவ்வலகு அச்சிடப்படுவதில்லை. அமெரிக்க வழக்கத்தைப் பின்பற்றும் தயாரிப்பாளர் பலர் 30, 35, 40 என ‘வெயிட்’ எண்களை இடுகின்றனர். ஒரு தயாரிப்பாளரின் 30 எண் ஏறத்தாழ 350 சென்டிஸ்டோக்ஸாகவும், 40 எண் ஏறத்தாழ 500 சென்டிஸ்டோக்ஸாகவும் இருக்கக் காண்கிறோம். இவ்வெண்களுக்குப் பொதுவான தரம் ஏதும் இல்லாமையால், வேறொருவரின் 40 எண் சற்றே வேறுபட்டிருக்கலாம். ஆகவே 40 எனக் குறித்த எண்ணெயும் 400 எனக் குறித்த எண்ணெயும் ஒன்றே எனக் கொள்வது பிழையாகும். புட்டியை வாங்கும்போது சென்டிஸ்டோக்ஸ் அளவு குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்து வாங்குதலும், இயன்றவரை ஒரே தயாரிப்பாளரின் எண்ணெய்களையே பயன்படுத்துதலும் நலம்.

மோட்டார் என்ஜின் எண்ணெயின் மீதுள்ள 30 என்ற எண் முற்றிலும் வேறானது. அது 100 டிகிரி வெப்பநிலையில் அளந்து வகுக்கப்பட்ட தரம், அவ்வெப்பநிலையில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும் எண்ணெயையே அது குறிக்கிறது. 40 டிகிரியில் அவ்வெண்ணெய் ஏறத்தாழ 100 சென்டிஸ்டோக்ஸ் அளவினதாகவே இருக்கும். அதிர்வு தாங்கிக்கென விற்கப்படும் 30 எண் எண்ணெயோ அதே வெப்பநிலையில் 260 அளவில் நிற்கும். எண் ஒன்றாயினும் பொருள் வேறாதலை நினைவிற்கொள்க.

சிலிக்கோன் எண்ணெயின் சிறப்பு

இப்பணிக்கு இன்று பயன்படுவது பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெயே. மணலில் அடங்கியுள்ள சிலிக்கன் என்ற தனிமத்தின் அணுக்களும் ஆக்ஸிஜன் அணுக்களும் மாறி மாறிக் கோத்த சங்கிலியே இதன் மூலக்கூறு ஆகும். சங்கிலியின் இரு பக்கங்களிலும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தொகுதிகள் தொங்குகின்றன. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் பிரெடெரிக் கிப்பிங் என்பவர் இவ்வகைச் சேர்மங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1940-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் யூஜின் ரோக்கோ கண்டறிந்த நேரடி முறையால், இவற்றைப் பெருமளவில் தயாரித்தல் எளிதாயிற்று.

இவ்வெண்ணெயின் பாகுநிலையை மாற்ற வேறு பொருள் எதையும் கலக்க வேண்டுவதில்லை. சங்கிலி குறுகியதாயின் எண்ணெய் நீர்த்திருக்கும்; நீண்டதாயின் கெட்டியாக இருக்கும். ஆகவே ஒரே வகை எண்ணெயைப் பல பாகுநிலைகளில் தயாரிக்க இயலுகிறது. இரண்டு புட்டிகளைக் கலந்து இடைப்பட்ட பாகுநிலையையும் பெறலாம். ஆனால் இங்கே கூட்டி இரண்டால் வகுக்கும் சாதாரணச் சராசரி பொருந்தாது. 200 அளவுள்ள எண்ணெயையும் 800 அளவுள்ள எண்ணெயையும் சம பங்கு கலந்தால் 500 கிடைப்பதில்லை. ஏறத்தாழ 400 கிடைக்கும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காண்பதே இதற்குரிய கணக்காகும்.

சிலிக்கோனின் தலையாய சிறப்பு, வெப்பத்தால் அது அதிகம் மாறாமையே. முன் கூறிய ஆமணக்கெண்ணெயை எடுத்துக்கொள்வோம். 20 டிகிரியில் 1,000 சென்டிஸ்டோக்ஸாக இருந்த அது, 40 டிகிரியில் ஏறத்தாழ 250 ஆகிவிடும். அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதே வெப்பநிலை மாற்றத்தில் சிலிக்கோன் எண்ணெய் தன் பாகுநிலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டுமே இழக்கிறது. காலையில் அடக்கமாக ஓடிய வண்டி நண்பகலில் துள்ளாதிருக்க இப்பண்பு உதவுகிறது.

பருவமும் பாகுநிலையும்

அதிகம் மாறாது என்றால் சிறிதும் மாறாது என்பது பொருளன்று. சிலிக்கோன் எண்ணெயின் பாகுநிலை வழக்கமாக 25 டிகிரியில் அளக்கப்படுகிறது. குளிர்நாட்டில் எழுதப்பட்ட கையேட்டில் கண்ட அளவை நம் நாட்டில் அப்படியே பின்பற்றுவது எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. 25 டிகிரியில் 400 சென்டிஸ்டோக்ஸ் உள்ள எண்ணெய் 10 டிகிரியில் ஏறத்தாழ 550 ஆகவும், 40 டிகிரியில் ஏறத்தாழ 300 ஆகவும் இருக்கும். தில்லியின் ஜனவரி மாதக் காலைக்கும் மே மாத நண்பகலுக்கும் இடையே ஏறத்தாழ இவ்வளவு வேறுபாடு உண்டு. ஒரே புட்டியிலிருந்து நிரப்பிய ஒரே எண்ணெய், குளிர்காலத்தில் கெட்டியான எண்ணெயாகவும் கோடையில் நீர்த்த எண்ணெயாகவும் நடந்துகொள்கிறது.

இதற்குரிய திருத்தம் எளிது. 25 டிகிரியில் 400 அளவுள்ள எண்ணெய் தரும் தணிப்பையே 40 டிகிரியிலும் பெற விரும்பினால், ஏறத்தாழ 525 அளவுள்ள எண்ணெயை நிரப்ப வேண்டும். 10 டிகிரியிலும் அதே தணிப்பு வேண்டுமாயின் ஏறத்தாழ 300 போதும். நடைமுறையில், வெப்பநிலை 10 டிகிரி உயரும்போது பாகுநிலையை ஆறில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை உயர்த்துக. தாழும்போது அவ்வாறே குறைக்க.

வண்டியின் ஓட்டத்தாலும் எண்ணெய் சூடேறுகிறது. 1.5 கிலோகிராம் எடையுள்ள வண்டி 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 15 ஜூல் ஆற்றல் வெளிப்படும். அது முழுவதும் நான்கு தாங்கிகளில் சமமாகப் பகிரப்பட்டு, ஒவ்வொன்றிலும் 3 கிராம் எண்ணெயைச் சூடாக்குவதாகக் கொண்டால், ஒரு குதிப்புக்கு வெப்பநிலை ஏறத்தாழ 0.8 டிகிரி உயரும். இதில் ஒரு பகுதி டயராலும் தரையாலும் ஏற்கப்படுகிறது. உருளையும் காற்றும் ஒரு பகுதியைக் கவர்ந்துகொள்கின்றன. ஆயினும் பல குதிப்புகள் தொடருமாயின், ஓட்டத்தின் முடிவில் எண்ணெய் தொடக்கத்தைவிட நீர்த்திருக்கும் என்பது தெளிவு. எனவே சோதனை ஓட்டம் சில நிமிடங்களாவது நீடிக்க வேண்டும்.

துளைகளின் பங்கு

எண்ணெய்ப் புட்டியின் மீதுள்ள எண் விடையின் ஒரு பாதியே ஆகும். மறுபாதி பிஸ்டனின் துளைகளில் அடங்கியுள்ளது. பிரெஞ்சு மருத்துவரான புவாசேய் 19-ஆம் நூற்றாண்டில் குறுகிய குழாய்களில் பாய்மங்கள் செல்லும் விதத்தை ஆராய்ந்து ஒரு விதியை நிறுவினார். அதன்படி, மெல்லப் பாயும் பாய்மத்தின் பாய்ச்சல் குழாயின் விட்டத்தினுடைய நான்காம் படிக்கு ஏற்ப மாறும். துளையின் விட்டத்தை 1.2 மி.மீட்டரிலிருந்து 1.4 மி.மீட்டராக்கினால், கண்ணுக்கு அரிதில் தெரியும் இம்மாற்றம் பாய்ச்சலை 1.85 மடங்காக்கும். அதாவது, ஏறத்தாழப் பாதிப் பாகுநிலையுள்ள எண்ணெயை நிரப்பியதற்கு இது ஒப்பாகும்.

துளைகளின் மொத்தப் பரப்பு ஒன்றாக இருப்பதும் போதாது. 1.6 மி.மீ. விட்டமுள்ள இரண்டு துளைகளும், 1.3 மி.மீ. விட்டமுள்ள மூன்று துளைகளும் ஏறத்தாழ ஒரே பரப்பை உடையவை. ஆயினும் மெதுவான இயக்கத்தில், மூன்று சிறு துளைகளின் வழியே செல்லும் எண்ணெய், இரண்டு பெருந்துளைகளின் வழியே செல்வதில் ஏறத்தாழ 65 விழுக்காடு மட்டுமே. ஆகவே ஒருவர் தம் வண்டிக்கு இன்ன எண்ணெய் சிறந்தது எனக் கூறும்போது, அவருடைய பிஸ்டனில் எத்தனை துளைகள், எவ்வளவு விட்டம் என்று கேட்டறியாமல் அதனைப் பின்பற்றுதல் பயனற்றது.

இங்கே இன்னொரு நுட்பமும் அறியத்தக்கது. 12 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனில் 1.6 மி.மீ. துளைகள் இரண்டு இருப்பின், துளைக்குள் எண்ணெயின் வேகம் பிஸ்டனின் வேகத்தைப்போல் ஏறத்தாழ 28 மடங்காகும். வண்டி திருப்பத்தில் மெல்லச் சாயும்போது இவ்வேகம் குறைவு. அப்போது தடை பெரும்பாலும் பாகுநிலையைப் பொறுத்தது. குதித்து இறங்கும்போதோ பிஸ்டன் மிக விரைந்து செல்கிறது. அசைவின்றி இருந்த எண்ணெயைத் திடீரெனப் பெருவேகத்தில் துளைக்குள் செலுத்துவதற்கே பெருவிசை வேண்டும். இவ்விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகிறது. பந்தயக்காரர்கள் இதனைத் தாங்கி ‘பேக்’ ஆதல் என்பர். வேகமான இயக்கத்தில் தாங்கி ஏறக்குறைய இறுகிவிடுவதாக உணரப்படும் நிலையே இது.

இதிலிருந்து நடைமுறைக்குரிய விதி ஒன்று பெறப்படுகிறது. குதித்து இறங்கும்போது வண்டி நடந்துகொள்ளும் விதத்தைத் துளைகளின் பரப்பைக் கொண்டும், திருப்பத்திலும் சிறு மேடுகளிலும் அது நடந்துகொள்ளும் விதத்தை எண்ணெயின் பாகுநிலையைக் கொண்டும் திருத்துக. குதிப்பில் அடித்தட்டு மோதுகிறது என்பதற்காக எண்ணெயை மட்டும் மேலும் மேலும் கெட்டியாக்கினால், சிறு மேடுகளில் சக்கரம் தரையைப் பின்தொடர இயலாமற்போகும். ஒரு மேட்டில் சுருங்கிய தாங்கி அடுத்த மேடு வருமுன் விரியாது. மேடுதோறும் வண்டி தாழ்ந்துகொண்டே சென்று, இறுதியில் தாங்கி இல்லாத வண்டி போலாகும்.

தேர்ந்தெடுக்கும் முறை

தொடக்கத்தில் வண்டியுடன் வந்த குறிப்பேடு கூறும் எண்ணெயையும் பிஸ்டனையும் பயன்படுத்துதல் நன்று. குறிப்பேடு இல்லையாயின், பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின் வண்டிகளுக்கு 300 முதல் 500 சென்டிஸ்டோக்ஸ் வரையிலும், எடை மிகுந்த எட்டில் ஒரு பங்கு அளவுள்ள வண்டிகளுக்கு 400 முதல் 800 வரையிலும் உள்ள எண்ணெயைக் கொண்டு தொடங்கலாம். மேடு பள்ளம் மிகுந்த மண்தரைக்கு இவ்வெல்லையின் கீழ்ப்பகுதியும், சமமான பிடிப்புள்ள தரைக்கு மேற்பகுதியும் ஏற்றவை. சுருள்வில் வலிதாயின் எண்ணெயும் சற்றுக் கெட்டியாக இருத்தல் வேண்டும். ஏனெனில் வலிய வில் திருப்பித் தரும் ஆற்றல் விரைந்து வெளிப்படும்.

நிரப்பும் முறை எண்ணெயின் தேர்வுக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. பிஸ்டனைக் கீழே இழுத்து வைத்து, உருளையை நிறுத்திப் பிடித்து எண்ணெயை நிரப்புக. பின்னர்ப் பிஸ்டனை மிக மெதுவாக மேலும் கீழும் அசைத்து, குமிழிகள் மேலே வரும்வரை சில நிமிடங்கள் பொறுத்திருக்க. தண்டு உருளைக்குள் நுழையும்போது அதன் கனஅளவுக்கு ஏற்ப எண்ணெய்க்கு இடம் வேண்டும். அதற்காகவே மூடியில் மெல்லிய ரப்பர்ச் சவ்வு அமைந்துள்ளது. சவ்வைப் பொருத்தி, மிகுதியான எண்ணெய் வழிந்தோட விட்டு மூடுக. உள்ளே தங்கிய காற்று எளிதில் சுருங்குமாதலால், அது துளையைக் கடக்கும்போது தடை ஏதும் இராது. எவ்வளவு நல்ல எண்ணெயாயினும் காற்றுக் கலந்தால் பயன் இல்லை. முடிவில் இடம், வலம் ஆகிய இரு தாங்கிகளையும் கைகளில் எடுத்து ஒரே வேளையில் அழுத்திப் பார்த்து, இரண்டும் ஒரே தடையைத் தருகின்றனவா எனத் தெளிக.

பின்னர் இரண்டு எளிய சோதனைகளைச் செய்யலாம். முதலாவதாக, மின்கலத்துடன் கூடிய வண்டியைத் தரையில் வைத்து, அடித்தட்டை அழுத்தி விடுக. வண்டி எழுந்து, ஒரு முறை சிறிதே மிகுந்து, நிலைக்கு வந்துவிடுமாயின் தணிப்பு ஏற்றது. இரண்டு மூன்று முறை ஊசலாடினால் எண்ணெய் நீர்த்தது. சோம்பலாக ஊர்ந்து எழுந்தால் கெட்டியானது. இரண்டாவதாக, வண்டியை 20 முதல் 30 செ.மீ. உயரத்திலிருந்து சமதரையில் சமமாக விழவிடுக. அடித்தட்டு பலமாக மோதினால் விரைந்த இயக்கத்தில் தடை போதாது எனக் கொண்டு துளையைச் சிறிதாக்குக. சக்கரங்களே துள்ளித் தரையை விட்டு எழுந்தால் தடை மிகுதி எனக் கொண்டு துளையைப் பெரிதாக்குக.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். எண்ணெய், பிஸ்டன், வில் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றியவர், விளைவு நல்லதாயினும் தீயதாயினும் அதன் காரணத்தை அறியார். நாள், காற்றின் வெப்பநிலை, எண்ணெயின் பாகுநிலை, துளைகளின் எண்ணிக்கையும் விட்டமும், வண்டி நடந்துகொண்ட விதம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போமாயின், அடுத்த கோடையில் அந்த ஏடே சிறந்த ஆசிரியராக விளங்கும்.

தவிர்க்க வேண்டியவை

சமையல் எண்ணெயையோ ஆமணக்கெண்ணெயையோ தாங்கியில் ஊற்றுதல் கூடாது. வெப்பத்தால் அவை பெரிதும் மாறுவதோடு, நாளடைவில் காற்றுப்பட்டுப் பிசினாகவும் இறுகும். பெட்ரோலிய எண்ணெய்கள் சிலவகை ரப்பர் வளையங்களை உப்பச் செய்யும். உப்பிய வளையம் தண்டைப் பற்றிக்கொள்ளும், பின்னர்க் கசியும். பல்சக்கரப் பெட்டிக்கென விற்கப்படும் சிலிக்கோன் எண்ணெயையும் இதனோடு குழப்பிக்கொள்ளற்க. அதன் பாகுநிலை ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் அமைந்திருக்கும். புட்டியின் தோற்றமோ ஒன்றுபோல் இருக்கலாம். மேலும், சிலிக்கோன் எண்ணெய் படிந்த பரப்பில் வண்ணப்பூச்சு சீராகப் பற்றாது. வண்டியின் மேற்கூட்டுக்கு வண்ணம் பூசும் இடத்தில் எண்ணெய்ப் பணியைச் செய்யாதிருத்தலும், கழிவெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாது துணியில் ஒற்றியெடுத்து அகற்றுதலும் நல்ல பழக்கங்களாம்.

சிறு வண்டியும் இரயில் பெட்டியும்

இங்கே கூறிய விதி பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. சென்னையின் பெரம்பூரில் 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில், 2018-ஆம் ஆண்டு வரை ஆயிரக்கணக்கில் தயாரிக்கப்பட்ட பழைய வகைப் பயணிப் பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் அச்சுப்பெட்டிகளுக்கு மேல் சுருள்வில்லும், அதனுள் எண்ணெய் நிரப்பிய உருளையும், துளைகளின் வழியே எண்ணெயைச் செலுத்தும் வழிகாட்டியும் அமைந்திருந்தன. சிறு வண்டியின் தாங்கியில் உள்ள தத்துவமே அங்கும் செயற்பட்டது. வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் தணிப்புக் குறைந்து, பெட்டி மிகுதியாக ஊசலாடும். ஆகவே எண்ணெயின் மட்டத்தைக் காலந்தோறும் பார்த்து நிரப்புவது பராமரிப்போரின் கடமையாயிருந்தது. அடுத்து வந்த எல்.எச்.பி. வகைப் பெட்டிகளிலும் மூடிய எண்ணெய்த் தணிப்பிகளே பயணிகளின் வசதியையும் பாதுகாப்பையும் காக்கின்றன.

அத்தகைய பெட்டியைப் பரிசோதிக்கும் பொறியாளரும், தம் சிறு வண்டியின் உருளையில் எண்ணெய் நிரப்பும் மாணவரும் கேட்க வேண்டிய வினாக்கள் ஒன்றே. தாங்க வேண்டிய எடை எவ்வளவு? வில்லின் வலிமை எவ்வளவு? துளையின் விட்டம் யாது? எண்ணெய் வேலை செய்யப்போகும் வெப்பநிலை யாது? இந்நான்கையும் அறிந்த பின்னரே புட்டியின் மீதுள்ள எண் பொருள் பெறுகிறது. அவ்வாறு அளந்து, மாற்றி, குறித்து வைத்துத் தேர்ந்தவருடைய வண்டி மேட்டிலிருந்து இறங்கி ஒரே அசைவில் அமைதியடையும். சக்கரத்தைத் தாங்கும் கைகளும் முறியாது நீடித்து உழைக்கும்.